ஊரே ஒரு கம்பெனி: திருப்பூரை முன்வைத்துத் தொழில் குழுமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு பட்டறை நடத்துகிறவர்களும் ஊர்த் தொழில் சங்கப் பொறுப்பாளர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. திருப்பூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கூட்டு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்ற இரண்டும் அங்கே வெளிச்சமாகத் தெரிகின்றன.

ஒரே தெருவில் பத்துப் பாத்திரக்கடை இருந்தால் அது குழுமமா?

இல்லை, அது கடைவீதி. வாங்க வருகிறவருக்கு வசதி, அவ்வளவுதான். ஒருவர் வேலை இன்னொருவர் வேலைக்குள் போய்ச் சேர்ந்தால்தான் குழுமம் (கிளஸ்டர்). சுலபமான சோதனை ஒன்று உண்டு: ஒரு பட்டறை இன்றைக்குப் பூட்டினால், நாளை மறுநாள் அடுத்த தெருவில் யாருக்காவது வேலை நிற்குமா? நிற்கும் என்றால் அது குழுமம்.

இந்தச் சோதனையில் திருப்பூர் பின்னலாடை, கோவை பம்ப்செட்டும் வார்ப்படமும், ஆம்பூர்–வாணியம்பாடி தோல், கரூர் வீட்டு ஜவுளி, சிவகாசி அச்சு எல்லாம் தேறும். திருப்பூரின் ஏற்றுமதி மட்டும் 2024–25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய். அதைச் செய்வது நாலைந்து பெரிய ஆலைகள் அல்ல, ஆயிரக்கணக்கான சின்ன யூனிட்டுகள்.

ஒரு டி-ஷர்ட் அங்கே எத்தனை கை மாறுகிறது?

ஆர்டர் எடுத்தவர் கையில் பல நேரம் கட்டிங் மேசையும் தையல் லைனும் மட்டுமே இருக்கும். நூல் வெளியிலிருந்து வரும். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், துணி பிறகு சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்தும் காம்பாக்டிங் ஒரு இடம். வெட்டிய பிறகு பிரிண்டிங்கோ எம்ப்ராய்டரியோ இன்னொரு இடம். தையல் சொந்த லைனில் பாதி, 'பவர் டேபிள்' என்று அழைக்கப்படும் வெளித் தையல் யூனிட்டில் பாதி. காஜா, பட்டன் தனி ஆள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் திரும்பவும் சொந்த இடம். ஆக, எட்டிலிருந்து பன்னிரண்டு கை.

கணக்காகப் பார்த்தால் கூட்டின் நுணுக்கம் புரியும். 10,000 சட்டை, ஒன்றின் எடை 160 கிராம் என்று வையுங்கள். வெட்டில் சுமார் 20 சதவீதம் கழிவாகப் போகும் என்றால் ஒரு சட்டைக்கு 200 கிராம் துணி வேண்டும். குறையுள்ளவற்றுக்கு ஈடாக 3 சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். ஆக 10,300 சட்டைக்கு 2,060 கிலோ முடிந்த துணி. சாயத்திலும் அடுத்த வேலைகளிலும் 6 சதவீதம் எடை இழப்பு என்றால், சாயத்துக்கு 2,190 கிலோ போக வேண்டும். நிட்டிங்கில் 1 சதவீதம் போகும். நூல் 2,215 கிலோ வாங்க வேண்டும். இந்த ஒவ்வொரு சதவீதமும் வெவ்வேறு முதலாளியின் கூரைக்குக் கீழே நடக்கிறது. 6 என்று பேசிய இழப்பு 9 ஆனால் கடைசியில் சுமார் 300 சட்டைக்குத் துணி பற்றாது. கப்பல் நாள் நெருங்கும்போதுதான் அது தெரியவரும்.

எல்லாவற்றையும் ஒரே கூரையில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

வைக்க முடிந்தவர்கள் வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் நூற்பிலிருந்து பேக்கிங் வரை சொந்தமாகவே ஓட்டுகின்றன. ஆனால் ஆர்டர் சீசனைப் பொறுத்தது. எந்திரத்தின் கடன் தவணை சீசன் பார்ப்பதில்லை. 500 கிலோ கொள்ளும் சாய எந்திரத்தில் 120 கிலோ துணியைப் போட்டால் தண்ணீரும் நீராவியும் வீண். இந்த மாதம் கோடு போட்ட துணி, அடுத்த மாதம் ரிப், அதற்கடுத்து இன்டர்லாக் என்று கேட்டால் மூன்று வகை நிட்டிங் எந்திரமும் ஒருவரிடம் இருக்காது. ஊரில் யாரிடமாவது இருக்கும். சிறு முதலாளிக்கு இதுதான் லாபம்: எந்திரத்தை வாங்காமல் அதன் நேரத்தை மட்டும் வாங்குகிறார்.

இதற்கான விலை, மேற்பார்வை. துணி எங்கே கிடக்கிறது என்று இரண்டு சக்கர வண்டியில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஆள் வேண்டும். இந்தச் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விலை சொல்கிறவர்கள் நிறைய.

ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும்போது எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஜாப் ஒர்க் என்றால் நம் சரக்கைக் கொடுத்துக் கூலிக்கு வேலை செய்து வாங்குவது. டெலிவரி சலானில் எடை, ரோல் எண்ணிக்கை, லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணிக்கு ஒரு எண்), செய்ய வேண்டிய வேலை, ஒப்புக்கொண்ட எடை இழப்பு. ஜிஎஸ்டி சட்டப்படி அனுப்பிய சரக்கு 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும், எந்திரமென்றால் 3 வருடம். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் கேட்பார்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்கின் கணக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவம் விற்றுமுதல் 5 கோடிக்கு மேலிருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை, அதற்குக் கீழே வருடத்துக்கு ஒருமுறை. கட்டிங் வேஸ்ட் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை அதில்தான்.

இன்னொரு சண்டை எடையில். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வணிகக் கணக்கில் அதற்கு 8.5 சதவீதம் ஈரம் என்று வைத்திருக்கிறார்கள். டிரையரிலிருந்து சூடாக வந்த துணியை உடனே எடை போட்டால் குறையும், மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கிடந்த பிறகு போட்டால் ஏறும். 2,000 கிலோவில் 2 சதவீத வித்தியாசம் 40 கிலோ, அதாவது 200 சட்டை. யாரும் திருடவில்லை, ஆனால் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். எடை போடும் இடம், நேரம், தராசு மூன்றையும் முதலிலேயே பேசி வைத்தால் இது வராது.

சாய லாட்டுகளைக் கலந்து வெட்டாதீர்கள். உடல் ஒரு லாட்டிலும் கை வேறு லாட்டிலும் வந்தால், பட்டறை விளக்கில் தெரியாத நிற வித்தியாசம் வெயிலில் தெரியும். அப்போது சாயப்பட்டறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலை முடித்துக் கொடுத்து மூன்று மாதமாகியும் பணம் வரவில்லை. சட்டம் உதவுமா?

உதவும், ஆனால் எல்லோரும் நினைக்கிற மாதிரி இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கொடுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. அந்த வட்டியைக் கட்டுகிறவர் தன் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்டவும் முடியாது. இந்தச் சட்டப்படி பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிட்டுத் தீர்ப்பு வந்த பிறகு அதை எதிர்த்துப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பதிவு செய்துகொண்டு போனால் வழக்கு சிக்கலாகும். இன்றைக்கே பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

2023–24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்தது. குறு, சிறு யூனிட்டுக்குத் தர வேண்டியதை இந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் பாக்கி கொஞ்சம் சுறுசுறுப்பாக வருவதற்கு இதுவும் காரணம்.

ஆனால் தனி ஆளாக மன்றத்துக்குப் போகிற பவர் டேபிள்காரருக்கு அடுத்த வேலை கிடைக்காது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சங்கம் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது: 45 நாள் என்ற வரியை அச்சிட்ட பொதுவான பில் படிவத்தை எல்லா உறுப்பினரும் பயன்படுத்துவது, 60 நாள் தாண்டியதும் தனி ஆள் பெயரில் இல்லாமல் சங்கக் கடிதத் தலைப்பில் நினைவூட்டல் அனுப்புவது. வாங்குகிறவர் பெரிய நிறுவனமென்றால் 'டிரெட்ஸ்' தளத்தில் பில்லை ஏற்றச் சொல்லுங்கள். பில்லை வங்கி தள்ளுபடியில் எடுத்துக்கொண்டு பணம் தந்துவிடும். வாங்கியவர் பிறகு கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்பி வராது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்வது இப்போது கட்டாயம்.

சாயப்பட்டறைகள் ஏன் சேர்ந்து கழிவுநீரைச் சுத்திகரிக்கின்றன?

சேராமல் இருந்ததால் வந்த வினை. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு ஒரு லிட்டருக்கு 80 கிராம் என்று வையுங்கள். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயக்குளியல் என்றால் 480 கிராம் உப்பு. துணியின் எடையில் ஏறத்தாழ பாதி! அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை, மொத்தமும் தண்ணீரோடு வெளியேறுகிறது. அலசல்களையும் சேர்த்தால் ஒரு கிலோவுக்கு 50, 60 லிட்டர் தண்ணீர். ஒரு நாளைக்கு 5 டன் சாயமேற்றும் பட்டறை 3 லட்சம் லிட்டர் உப்புநீரை விடுகிறது.

அது நொய்யல் ஆற்றில் போனது. ஆற்றுக்குக் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் உப்பேறின. ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கவில்லை. பார்க்கத் தெளிந்த தண்ணீர், பயிருக்கு விஷம். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்தப் பாசன விவசாயிகள், வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் அறவே வெளியேறக்கூடாது என்றது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சொன்னபடி நடக்காததால் 2011 ஜனவரி 28-ல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் நிலையங்களையும் மூட உத்தரவு வந்தது.

ஒரு பட்டறை பூட்டினால் அடுத்தவருக்கு வேலை நிற்குமா என்று முதல் கேள்வியில் சொன்ன சோதனை அன்றைக்குத்தான் நிஜமாக நடந்தது. சாயம் நின்றதும் காம்பாக்டிங் நின்றது, தையல் நின்றது, ஆர்டர்கள் வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் போயின. சாயத்துக்காகத் துணி லாரியில் வெளி மாநிலம் வரை அலைந்தது. பிறகு தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்து, தொழில்நுட்பம் மாறி, ஒவ்வொன்றாகத் திறந்தன.

வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலுக்கும் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதே பாடத்தைத்தான் நடத்தியது. சேர்ந்து செலவு செய்யத் தொழிலுக்கு மனம் வருவதற்கு முன்னால் பக்கத்து வயல்காரர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. புதிதாகக் குழுமம் அமைக்கிறவர்கள் சுற்றியிருக்கும் விவசாயிகளை முதல் கூட்டத்திலேயே உட்கார வைப்பது நல்லது.

கழிவுநீர் அறவே வெளியேறாத நிலையம் எப்படி வேலை செய்கிறது? எங்கே கெடுகிறது?

உறுப்பினர் பட்டறைகளிலிருந்து குழாயில் வரும் நீர் முதலில் சமன் தொட்டியில் சேரும். ஒருவர் அமிலமாகவும் ஒருவர் காரமாகவும் விடுவது அங்கே கலந்து சராசரியாகும். அடுத்து காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியா கரிமக் கழிவைத் தின்னும். பிறகு தெளிவித்து, வடிகட்டி, பல அடுக்கு ஆர்.ஓ. சவ்வுகளில் செலுத்துவார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நல்ல தண்ணீராகத் திரும்பச் சாயத்துக்குப் போகும். மீதி அடர்ந்த உப்புநீரை நானோ வடிகட்டியில் பிரித்துச் சாயக்குளியலுக்கே திருப்பலாம். அல்லது ஆவியாக்கிக் குளிர்வித்துப் படிகமாக்கி சோடியம் சல்பேட்டை எடுக்கலாம். சமையல் உப்புக்குப் பதில் சல்பேட்டுக்கு மாறியதற்கு இது ஒரு காரணம். குளிர்வித்தால் சல்பேட் தனியே படிகமாகும், குளோரைடு அப்படிச் சுலபமாகப் பிரியாது.

கெடும் இடங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தில் இல்லை, நடத்தையில் இருக்கின்றன. குளிரவிடாமல் சுடுநீரைத் திறந்துவிட்டால் பாக்டீரியா செத்துவிடும். மறுபடி வளர வாரங்கள் ஆகும், அதுவரை எல்லோருக்கும் வேலை குறையும். ஒரே ஒரு பட்டறை விலை குறைவென்று சமையல் உப்பைப் போட்டால் மொத்தப் படிகமும் கலப்பு உப்பாகிவிடும். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை மென்மையாக்காமல் பயன்படுத்தினால் சவ்வில் சுண்ணாம்பும் சிலிக்காவும் படியும். ஆவியாக்கியின் மின்கட்டணமும் விறகுச் செலவும் ஏறும்போது அதை நிறுத்தி வைக்கச் சபலம் வரும். தொட்டி நிரம்பும், மழை வரும், அப்புறம் ராத்திரியில் வாய்க்கால் திறக்கும். எதற்கும் உதவாத கலப்பு உப்பும் கசடும் கொட்டகையில் மலையாகச் சேர்வதற்கு இன்னும் நல்ல விடை இல்லை.

அந்தச் செலவை உறுப்பினர்களுக்குள் எப்படிப் பிரிப்பது?

சமமாகப் பிரிப்பதுதான் முதல் தவறு. நிலைச் செலவு, மாறும் செலவு என்று இரண்டாகப் பிரியுங்கள். கடன் தவணை, சம்பளம், குறைந்தபட்ச மின்கட்டணம் ஆகியவை நிலைச் செலவு. அதை ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்ட கொள்ளளவுப்படி வசூலிக்க வேண்டும். உதாரணமாக மாத நிலைச் செலவு 30 லட்சம், மொத்தக் கொள்ளளவு நாளைக்கு 30 லட்சம் லிட்டர் என்றால், 3 லட்சம் லிட்டர் பதிந்தவர் பட்டறை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 3 லட்சம் கட்ட வேண்டும். ரசாயனம், ஆவியாக்கும் செலவு போன்றவை மீட்டர் காட்டும் லிட்டர்படி. அதற்கு மேல் உப்பு அளவும் வெப்பமும் ஒப்பந்த வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம்.

மீட்டர் பட்டறைக்குள்ளே இருக்கக்கூடாது. மதிலுக்கு வெளியே, நிலையத்தின் பூட்டோடு இருக்க வேண்டும். வால்வின் சாவியும் நிலையத்திடம். மூன்று மாதக் கட்டணம் முன்வைப்பு (டெபாசிட்). பாக்கி வைத்தவரின் வால்வை மூடும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கு இல்லாமல் மேலாளருக்கு இருக்கட்டும்; குழுவில் உட்கார்ந்திருப்பவர் பாக்கிக்காரரின் சம்பந்தியாக இருப்பார்.

தண்ணீருக்கும் இப்படிக் கூட்டு உண்டா?

உண்டு. மாநில அரசு, நிதி நிறுவனம், ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியவை சேர்ந்து 1995-ல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தை ஆரம்பித்தன. பவானி சேரும் இடத்துக்குக் கீழே காவிரியிலிருந்து நாளைக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம், செலவு ஆயிரம் கோடிக்கு மேல். ஆலைகள் கூடுதல் விலை கொடுத்து வாங்கும், வீடுகளுக்குக் குறைந்த விலையில் போகும் என்பது கணக்கு. ஆனால் ஆலைகள் வாங்கும் அளவை நம்பித்தான் கடன் திரும்ப வேண்டும். சாயப்பட்டறைகள் மூடியதும், பிறகு சுத்திகரித்த நீரையே மறுபடி பயன்படுத்தத் தொடங்கியதும் அந்தக் கணக்கின் அடியை அசைத்துவிட்டன. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிய பொது வசதிக்கு வரும் ஆபத்து இது.

எங்கள் ஊரில் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதம் என்ன செய்வது?

கட்டடம் கட்டாதீர்கள். பட்டியல் எடுங்கள். முப்பது யூனிட்டுக்கு நேரில் போய் மூன்று கேள்வி: என்ன எந்திரம், மாதத்தில் எத்தனை நாள் சும்மா கிடக்கிறது, எந்த வேலைக்கு ஊரைத் தாண்டி அனுப்புகிறீர்கள். மூன்றாவதுதான் தங்கம். பத்துப் பேர் ஒரே வேலைக்கு வெளியூர் போகிறார்கள் என்றால் பொது வசதி எது என்று தெரிந்துவிட்டது. சோதனைக்கூடம், வெப்பப் பதனிடல், வண்ணப்பூச்சு, குளிர்பதனக் கிடங்கு, எதுவாகவும் இருக்கலாம்.

இடையில் சிறிதாக ஒரு கூட்டுக் கொள்முதல் நடத்திப் பாருங்கள். அட்டைப்பெட்டி, ரசாயனம், டீசல் போன்று எல்லோரும் ஒரே தரத்தில் வாங்கும் பொருள். ஒரே நிபந்தனை: முன்பணம் கட்டியவருக்கு மட்டும் சரக்கு. முதல் மாதம் 'அண்ணா, அடுத்த வாரம் தந்துர்றேன்' என்று ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மூன்றாம் மாதம் அந்தக் கொள்முதல் இருக்காது. சில ஆயிரம் ரூபாய்க்கு நேரத்துக்குப் பணம் கட்டாதவர்களோடு கோடி ரூபாய் எந்திரம் வாங்கக் கூடாது. இதை மலிவாகத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

பொது வசதி மையத்துக்கு அரசு மானியம் எவ்வளவு?

மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில், 2022-ல் வந்த வழிகாட்டுதல்படி, 5 முதல் 10 கோடி வரையான திட்டத்துக்கு 70 சதவீதமும் 10 முதல் 30 கோடி வரையானதற்கு 60 சதவீதமும் மத்திய மானியம். மீதி மாநில அரசும் உறுப்பினர்களும். உறுப்பினர் குறைந்தது 20 யூனிட். சிறப்புச் சூழலில் 10 வரை இறங்கலாம். விண்ணப்பிக்கும் முன் நடப்பு வழிகாட்டுதலை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

போக்கு இப்படி: முதலில் குழுமத்தின் நிலை பற்றிய ஆய்வறிக்கை, பிறகு உறுப்பினர்கள் சேர்ந்து அமைக்கும் சிறப்பு நோக்கு நிறுவனம், விரிவான திட்ட அறிக்கை, மாநிலப் பரிந்துரை, சிட்பி எனும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியின் மதிப்பீடு, டெல்லியில் குழு ஒப்புதல், டெண்டர், எந்திரம் நிறுவுதல். காகிதம் நகரும் வேகத்தில் எந்திர விலை ஏறிவிடும். ஏறிய தொகை உங்கள் தலையில். நிலத்தின் பட்டா, குத்தகைக் காலம், மின் இணைப்பு ஆகிய மூன்றிலும்தான் திட்டங்கள் வருடக்கணக்கில் நிற்கின்றன. நிலம் ஒரு உறுப்பினரின் பெயரில் இருப்பதை ஏற்காதீர்கள். மற்றவர்கள் நாளைக்கு அவருடைய வாடகைக்காரர்கள் ஆவார்கள்.

சங்கமா, கம்பெனியா, கூட்டுறவா? எதைப் பதிவது?

சங்கப் பதிவில் லாபத்தைப் பங்கிட முடியாது, வங்கிக் கடனும் கடினம். பேச, மனுக் கொடுக்க அது போதும். எந்திரம் வாங்கி ஓட்டப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி வசதி. பங்குதாரர் 200 பேருக்கு மேல் கூடாது. கூட்டுறவில் ஓட்டு சமம், ஆனால் பதிவாளர் துறையின் பிடி இறுக்கம். உற்பத்தியாளர் கம்பெனி விவசாயிகளுக்கும், கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில்காரர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேர் போதும், எவ்வளவு பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, முழுநேரத் தலைமை அதிகாரி கட்டாயம். பனியன் யூனிட்டுகளுக்கு அது பொருந்தாது.

எதைப் பதிந்தாலும் எந்த ஒருவருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு போகாதபடி எழுதுங்கள்.

மானியத்தில் கட்டிய மையங்கள் பூட்டிக் கிடக்கின்றனவே, ஏன்?

பெரும்பாலும் எந்திரத்தின் மீது ஆசைப்பட்டு வாங்கியதால். மானியம் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துத் திட்டம் போட்டால், ஊருக்குத் தேவையானதைவிட நாலு மடங்கு பெரிய எந்திரம் வந்து இறங்கும். மாதம் 300 மணி நேரம் ஓடக்கூடிய எந்திரத்துக்கு 180 மணி வேலை உறுதியாக இருந்தால், அதாவது 60 சதவீதத்தில் செலவு மீள வேண்டும். அந்த 180 மணியை உறுப்பினர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதக் கட்டணத்தை முன்வைப்பாகவும் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர் எந்திரம் வந்த பிறகும் வரமாட்டார்.

அடுத்த காரணம் நடைமுறை மூலதனம். எந்திரத்துக்கு மானியம் வந்தது. ஆறு மாதச் சம்பளம், மின்கட்டணம், உதிரிபாகத்துக்குப் பணம் வைக்கவில்லை. மூன்றாவது, வரிசை. தலைவரின் வேலை முதலில் ஓடியது என்று ஒருமுறை பேச்சு வந்தால் போதும், மற்றவர்கள் பழையபடி வெளியூருக்குப் போய்விடுவார்கள். முன்பதிவுப் பலகையை வாசலில் தொங்கவிடுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் சற்றுக் கூடுதல் கட்டணத்தில் வேலை செய்துகொடுங்கள். எந்திரம் ஓட ஆள் வேண்டும்.

சங்கம் சேர்ந்து ஜாப் ஒர்க் ரேட்டை நிர்ணயிக்கலாமா?

கவனம் தேவை. போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் மாட்டும். சங்கத்தின் சுற்றறிக்கையே சாட்சியாகிவிடும். செலவு எப்படி ஏறியது என்ற கணக்கை வெளியிடலாம், ஒவ்வொருவரும் தன் விலையைத் தானே பேசட்டும். தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து போடும் கூலி ஒப்பந்தம் வேறு விஷயம். திருப்பூரில் அது வெகுகாலமாக நடக்கிறது.

வெளித் தையல் யூனிட்டில் தொழிலாளிக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

பொறுப்பைத் தட்டிவிடவே காண்டிராக்ட் என்று நினைப்பது தவறு. உங்கள் வளாகத்திலோ உங்கள் மேற்பார்வையிலோ காண்டிராக்டரின் ஆட்கள் வேலை செய்தால் ஈஎஸ்ஐ பங்கை முதன்மை முதலாளி கட்ட வேண்டும், பிறகு காண்டிராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். பிஎஃப்-பிலும் இதே போக்கு. வெளிநாட்டு பையரின் தணிக்கையாளர் இப்போதெல்லாம் பவர் டேபிள் வரை வருகிறார். அங்கே அவசர வழி பூட்டியிருந்தால் போவது உங்கள் ஆர்டர்.

ஒரு உறுப்பினர் விலகினால், அல்லது நொடித்துப்போனால்?

பதியும் நாளிலேயே எழுத வேண்டிய விதி இது. பிரச்சினை வந்த பிறகு எழுத முடியாது. விலகுகிறவர் ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அதுவரை நிலைச் செலவு அவருடையது. அவர் கொள்ளளவை முதலில் மற்ற உறுப்பினர்களுக்கும், அவர்கள் வேண்டாமென்றால் குழு ஏற்கும் புதியவருக்கும் விற்கலாம். பங்கின் விலையைப் பேரத்துக்கு விடாமல், கடைசித் தணிக்கைக் கணக்கின் மதிப்பு என்று முன்பே சொல்லிவிடுங்கள். பட்டறையை விற்றால் கொள்ளளவு தானாகப் புதிய உரிமையாளருக்குப் போகாது என்றும் ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் திங்கட்கிழமை காலையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். பாக்கியோடு நொடித்தவரின் முன்வைப்பைக் கழித்த பிறகும் நிற்கும் தொகையை மற்றவர்கள் மூன்று மாதத்தில் கொள்ளளவு விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்காகவே மாதக் கட்டணத்தில் 2 சதவீதத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவருவது வசதி. அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் நிர்வாகக் குழுவுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.